தாளில் ஒன்று, வாசலில் வேறொன்று

ஆசிரிய கலாசாலையில் செயல்நிலை ஆய்வு செய்த நாளிலிருந்தே நமக்கெல்லாம் வினாக்கொத்து பழக்கம். "முற்றாக உடன்படுகிறேன்" தொடங்கி ஐந்து கூடு. பிள்ளைகள் புள்ளடி போடுவார்கள், நாம் எண்ணிச் சதவீதம் எடுப்போம். ஆளைப் பற்றி ஆளிடமே கேட்கும் இந்த வழிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலாம் உலகப் போரில் உடம்பில் காயமே இல்லாமல் மனம் உடைந்துபோன சிப்பாய்கள் ஏராளம். 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியதும், அப்படி உடையக்கூடியவர்களை முன்கூட்டியே இனங்காண ஒரு வழி தேடினார்கள். ஒவ்வொருவரோடும் வைத்தியர் உட்கார்ந்து பேச நேரம் ஏது? உளவியலாளர் ரொபர்ட் வுட்வர்த் 116 கேள்விகள் கொண்ட தாளைத் தயாரித்தார். நித்திரை எப்படி, பயம் வருகிறதா என்பது மாதிரி. பதில் ஆம் அல்லது இல்லை. அது சரியாகப் பாவனைக்கு வருமுன்பே போர் முடிந்துவிட்டது. தாள் மட்டும் நிலைத்தது. 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் ஐந்து படி அளவுகோலை வெளியிட்டார். நமது ஐந்து கூடு அங்கிருந்து வந்ததுதான்.

அதே காலத்தில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் றிச்சர்ட் லாபியர் செய்த வேலை நமக்கு மிகவும் பிடித்தது. இளம் சீனத் தம்பதியர் ஒருவரோடு அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றினார். சீனர்கள் குடியேறுவதைச் சட்டமே தடுத்திருந்த நாடு அது. 251 விடுதிகள், உணவகங்களுக்குப் போனார்கள். எத்தனை இடத்தில் திருப்பி அனுப்பினார்கள் தெரியுமா? ஒரே ஓர் இடத்தில். ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் போட்டார்: சீனர்களை ஏற்பீர்களா? பதில் போட்ட 128 பேரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் "இல்லை" என்றார்கள்!

வரவேற்றவர் ஒருவர், கடிதம் எழுதியவர் வேறொருவராக இருக்கலாமே என்று பின்னால் பலர் விமர்சித்தார்கள். நியாயம்தான். ஆனாலும் தாளில் "சீனர்" என்ற சொல்லுக்குப் பதில் சொல்வதும், பெட்டியோடு சிரித்துக்கொண்டு வாசலில் நிற்கும் இருவருக்குப் பதில் சொல்வதும் ஒன்றல்ல. சிறுபான்மையாக வாழும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இதில் பொய் எவ்வளவு? நல்லவராகத் தெரிய விரும்பிப் பதில் சொல்வதையே அளக்க, 1960இல் குரௌன், மார்லோ இருவரும் 33 கூற்றுகள் கொண்ட அளவுகோல் செய்தார்கள். பொய்யே இல்லாமலும் பிழைக்கும். 1977இல் நிஸ்பெட், வில்சன் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரியான நாலு சோடி நைலோன் காலுறைகளை வரிசையாக வைத்து எது தரமானது என்று கேட்டார்கள். வலது கோடியில் இருந்ததை 40 சதவீதம் பேர் தெரிந்தார்கள், இடது கோடியில் இருந்ததை 12 சதவீதம்தான். காரணம் கேட்டபோது, வைத்திருந்த இடத்தை ஒருவரும் சொல்லவில்லை.

அதற்காக வினாக்கொத்தைத் தூக்கி வீசவும் முடியாது. பிள்ளையின் தலைவலியை, பயத்தைப் பிள்ளை சொல்லாமல் எந்தக் கருவி சொல்லும்? நம் பிரச்சினை, கேட்கிற முறையில். "வீட்டில் அடிப்பார்களா?" என்று கேட்டுவிட்டு, மேலே பெயரும் சுட்டெண்ணும் எழுத வைத்து, பக்கத்தில் நாமே நிற்கிறோம். எட்டாம் ஆண்டுப் பிள்ளை என்ன எழுதும்? "இல்லை" என்றுதான். அந்த "இல்லை"யை எண்ணி அறிக்கையும் போகிறது.

அடுத்த தவணை பெயர் எழுதும் கோட்டை எடுத்துவிட்டு, தாளை மடித்துப் பெட்டியில் போடச் சொல்லப் போகிறோம். உதவி வேண்டிய பிள்ளை தனியாக வந்து பேச வேறு நேரமும் ஒதுக்க வேண்டும், அதை எந்தப் பாடவேளையில் என்றுதான் யோசிக்கிறோம்.