நான்கு மணி நேரக் குப்பி

போன வாரம் உங்களைப் பண்ருட்டியில் ஒரு பள்ளிக்கூட வாசலில் நிறுத்திவிட்டுப் போனேன். ஏழு நாளாகக் காத்திருக்கிறீர்கள். வாருங்கள், உள்ளே போய்விடுவோம்.

2017 பிப்ரவரி. தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கிவிட்டது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை, தமிழ்நாடு முழுக்க ஒன்றே முக்கால் கோடிப் பிள்ளைகள். அந்த நாட்களில் எந்த ஊர்ப் பள்ளியிலும் நடந்திருக்கக்கூடிய காட்சியைத்தான் பண்ருட்டியில் வைத்துச் சொல்கிறேன்.

நர்சம்மா மேசையில் குப்பியை எடுத்து வைக்கிறார். உள்ளே வெறும் பொடி. திரவத்தைக் கலந்தால் பத்துப் பிள்ளைகளுக்குக் காணும். கலந்த நிமிடத்திலிருந்து கெடு நான்கு மணி நேரம். அதற்குள் போட்டு முடிக்காவிட்டால் மிச்சம் குப்பைக்குத்தான்.

வகுப்பில் பாதி பெஞ்சு காலி.

என்ன ஆயிற்று? முந்தைய ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு குரல் சுற்றியது. “நாளைக்கு ஸ்கூல்ல ஊசி போடுறாங்களாம். புள்ளைங்கள அனுப்பாதீங்க.” வெளிநாட்டில் தடை செய்த மருந்தாம். போட்டால் ஆட்டிசம் வருமாம்.

முந்திரி உடைக்கப் போகும் அம்மா அதைக் கேட்கிறாள். நெய்வேலிச் சுரங்கத்தில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அப்பா கேட்கிறார். “வேணாம் டீச்சர், எங்க புள்ளைக்குப் போடாதீங்க.”

இவர்களை அறியாதவர்கள் என்று ஒரு சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த மாதத்தை நினைத்துப் பாருங்கள். மெரினாவில் கூடிய இளைஞர்கள் ஜல்லிக்கட்டை மீட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. கடைசி நாளில் விழுந்த தடியடியை யாரும் மறக்கவில்லை. அந்தக் கூட்டத்தைச் சேர்த்தது செல்போன். அதே செல்போனில், அதே குரூப்பில் வந்த எச்சரிக்கையை எப்படித் தள்ளுவது? சென்னையிலோ முதல்வர் நாற்காலிக்கு இழுபறி. யார் அரசாங்கம் என்றே தெரியாத வாரத்தில், அரசாங்கம் ஊசியை நீட்டியது.

பயம் பிள்ளைப் பாசத்தில் பிறந்தது. அதனால்தான் அதற்கு அத்தனை பலம்.

ஆனால் செய்தி பொய். மருந்து நம் புனேயில் தயாரானது. தனியார் கிளினிக்குகளில் வசதியுள்ளவர்கள் பல வருஷமாகக் காசு கொடுத்துப் போட்டுவந்த எம்.எம்.ஆர். தடுப்பூசி மூன்று நோய்களுக்கானது. அதில் இரண்டுக்கான மருந்துதான் இங்கே இலவசமாக வந்திருந்தது.

இன்னொன்றை அந்த அம்மாவுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். நெஞ்சு பொறுக்காத விஷயம் அது.

ரூபெல்லா பிள்ளையை லேசாகத் தொட்டுவிட்டுப் போகும். இரண்டு நாள் காய்ச்சல், கொஞ்சம் தடிப்பு. ஆனால் கர்ப்பிணிக்கு, அதுவும் முதல் மாதங்களில் வந்தால் வயிற்றுக் குழந்தையைப் பதம் பார்த்துவிடும். கண்ணில் புரை. காது கேளாமை. இதயத்தில் ஓட்டை. 1941-இல் சிட்னியின் கண் மருத்துவர் நார்மன் கிரெக்தான் இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்தார். பிறகு நியூயார்க்கில் ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவர், கருவிலேயே ரூபெல்லா தாக்கிய 243 குழந்தைகளைப் பரிசோதித்தார். பதினெட்டுப் பேரிடம் ஆட்டிசத்தின் அடையாளங்கள். பத்தாயிரத்தில் நாலைந்து பேருக்குத்தான் ஆட்டிசம் என்று உலகம் கணக்குப் போட்டிருந்த காலம் அது!

ஆட்டிசத்தில் மரபணுக்களின் பங்குதான் பெரிது. அதற்கு வெளியே உறுதியாகச் சுட்டிக்காட்ட முடிந்த சில காரணங்களில் கருவைத் தாக்கும் ரூபெல்லாவும் ஒன்று. அதைத் தடுக்கிற மருந்து மேசைமேல் இருக்கிறது. ஆட்டிசம் வரும் என்று பயந்து பிள்ளையை வீட்டில் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பயத்தை முதலில் பற்ற வைத்தது யார்?

லண்டனுக்கு வாருங்கள்.

1998 பிப்ரவரி 26. ராயல் ஃப்ரீ மருத்துவமனை. பத்திரிகையாளர்கள் கூடியிருக்கிறார்கள். மேடையில் மருத்துவர்கள். நடுநாயகம் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட். வயது நாற்பத்தொன்று. நல்ல தோற்றம், உறுதியான பேச்சு. ‘லான்செட்’ இதழில் அவர் குழுவின் கட்டுரை வெளிவருகிறது. ஆராய்ந்தது மொத்தமே பன்னிரண்டு குழந்தைகளை. எம்.எம்.ஆர். போட்ட பிறகே பிள்ளை மாறிப்போனதாக எட்டுக் குழந்தைகளின் பெற்றோர் சொன்னார்களாம்.

பெற்றோர் பொய் சொன்னார்கள் என்று நான் எழுத மாட்டேன். ஊசி போடும் வயதும் ஆட்டிசத்தின் அறிகுறிகள் கண்ணில் படத் தொடங்கும் வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். முன்னால் நடந்தது பின்னால் வந்ததற்குக் காரணமாகிவிடுமா? அந்த வேதனையில் இதைப் பிரித்துப் பார்க்கும் தெம்பு யாருக்கு இருக்கும்?

பிரித்துப் பார்த்திருக்க வேண்டியவர் ஆராய்ச்சியாளர்.

தடுப்பூசிக்கும் நோய்க்கும் தொடர்பை நிரூபிக்கவில்லை என்று கட்டுரையிலேயே அச்சாகியிருந்தது. அதோடு நின்றிருந்தால் நம் பண்ருட்டிப் பெஞ்சுகள் நிரம்பியிருக்கக்கூடும்.

கேள்வி வந்தது. பெற்றோருக்கு என்ன சொல்கிறீர்கள்?

மருத்துவக் கல்லூரியின் தலைவர் ஆரி சுக்கர்மேன் அதே மேடையில் இருக்கிறார். அவரே வைரஸ் நிபுணர். கோடிக்கணக்கில் போட்டாகிவிட்டது, பத்திரமான ஊசி, நிறுத்தாதீர்கள் என்பது அவர் நிலை.

வேக்ஃபீல்ட் வாய் திறந்தார். மூன்றையும் ஒன்றாகப் போடுவதை இனி ஆதரிக்க முடியாது. விவகாரம் தீரும்வரை தனித்தனியாகப் போடட்டும்.

அவ்வளவுதான். பேனாக்கள் பறந்தன. பன்னிரண்டு குழந்தைகளை வைத்து ஒரு தேசமே பதறியது. பிரிட்டனில் ஊசி போடுவோர் எண்ணிக்கை சரிந்தது. பயம் கடல் தாண்டியது. டென்மார்க்கில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளைப் பின்தொடர்ந்து, தொடர்பே இல்லை என்று பிறகு காட்டினார்கள். நிதானமான அந்தப் பதில், ஓடிப்போன பயத்தைப் பிடிக்கவில்லை.

அன்றைக்கு அறையில் இருந்த நிருபர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு.

தடுப்பூசி நிறுவனங்கள்மேல் வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு வழக்கறிஞர், இரண்டு வருஷத்துக்கு முன்பே வேக்ஃபீல்டை அமர்த்தியிருந்தார். தனித் தட்டம்மைத் தடுப்பூசி ஒன்றுக்கு முந்தைய வருஷமே காப்புரிமை கேட்டு விண்ணப்பமும் போயிருந்தது. ‘தனித்தனியாகப் போடட்டும்’ என்றவரின் பெயர் அந்த விண்ணப்பத்தில் இருந்தது.

ஆறு வருஷம் இது வெளியே வரவில்லை. ‘லான்செட்’ ஆசிரியருக்கே தெரியாது.

2004 பிப்ரவரி. அந்த ஆசிரியரைத் தேடி ஒருவர் வருகிறார். பெயர் பிரையன் டீர். மருத்துவர் இல்லை, வக்கீல் இல்லை, ‘சண்டே டைம்ஸ்’ நிருபர். அவர் தோண்டியெடுத்த சங்கதிகளைக் கேட்ட சில வாரங்களுக்குள், கட்டுரையில் கையெழுத்திட்ட பதின்மூன்று பேரில் பத்துப் பேர் பின்வாங்கப் போகிறார்கள்.

வேக்ஃபீல்ட் பின்வாங்கவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா?

(தொடரும்)