தோன்றா எழுவாய்: ஹியூம் நெடுஞ்சாலையை வாசித்தல்

சாலையோரப் பலகையை யாரும் வாசிப்பதில்லை. பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனுக்காக எழுதப்பட்ட பிரதி அது. எழுதியவர் பெயர் கிடையாது, பதில் எழுத இடமும் கிடையாது. 'பலகைதானே, இதுல என்ன அரசியல் இருக்கு?' என்று நம்மைக் கேட்கவைப்பதில்தான் அதன் அதிகாரம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சிட்னியையும் மெல்பர்னையும் இணைத்து, 800 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஹியூம் நெடுஞ்சாலையைக் கொஞ்சம் மெதுவாக வாசித்துப் பார்க்கலாம்.

முதலில் சாலையின் பெயர். 1824 அக்டோபரில் ஹாமில்டன் ஹியூம், வில்லியம் ஹோவெல் என்ற இருவர் தங்கள் ஆட்களோடு தெற்கே கிளம்பி, டிசம்பரில் இன்றைய விக்டோரியாவின் கடற்கரையை எட்டினார்கள். எட்டிய இடம் எது என்பதையே தப்பாகக் கணக்குப் போட்டார்கள். கோரியோ விரிகுடாவில் நின்றுகொண்டு அதை வெஸ்டர்ன் போர்ட் என்று நம்பினார்கள். பெருமை யாருக்கு என்று பிற்பாடு வருஷக்கணக்கில் சண்டையும் போட்டுக்கொண்டார்கள். 1928இல் சாலைக்கு ஹியூம் பெயர் வந்தது. 'வழி கண்டவர்' என்பது இப்படித்தான் பலகையில் ஏறுகிறது.

அதே 1824இல், கொஞ்சம் வடக்கே பாத்தர்ஸ்ட் பகுதியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. விராஜுரி மக்கள் விண்ட்ரடைனின் தலைமையில் தங்கள் நிலத்துக்காகப் போராடினார்கள். ஆளுநர் பிரிஸ்பேன் ஆகஸ்ட் 14 அன்று ராணுவச் சட்டம் அறிவித்தார். டிசம்பர் 11 வரை அது நீடித்தது. அதாவது ஹியூமின் ஆட்கள் நடந்துபோன மாதங்களில், அதே குடியேற்றம் இன்னொரு பக்கம் சுட்டுக்கொண்டிருந்தது. ஹியூம் கிளம்பிய ஆப்பின் என்ற ஊருக்கும் ஒரு கதை உண்டு. அதற்கு எட்டு வருஷம் முன்பு, 1816 ஏப்ரல் 17 அன்று, ஆளுநர் மக்வாரி அனுப்பிய சிப்பாய்கள் அங்கே குறைந்தது 14 பூர்வகுடியினரைக் கொன்றார்கள். துரத்தப்பட்டவர்களில் சிலர் பாறை விளிம்பிலிருந்து விழுந்து செத்தார்கள். ஆண்கள் மட்டுமில்லை, பெண்களும் குழந்தைகளும்.

'பழங்கதையையெல்லாம் சாலையில் எழுத முடியுமா?' என்று கேட்கலாம். முடியும், எழுதியும் இருக்கிறார்கள். சிட்னியிலிருந்து கான்பெரா வரையிலான வழியை, போரில் பங்கெடுத்தவர்களின் நினைவுச் சாலையாக மரம் நட்டு வளர்க்கிறார்கள். முதல் மரங்களை 1954இல் எலிசபெத் ராணி நட்டார், சிட்னியில் 'மக்வாரி பிளேஸ்' என்ற இடத்தில். அதே மக்வாரிதான். அந்த வழியில் வண்டியை நிறுத்தி இளைப்பாறும் இடங்களுக்கு, விக்டோரியா கிராஸ் வாங்கிய வீரர்களின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர், வியட்நாம். கடல் தாண்டிப் போய்ச் செய்த சண்டைக்கெல்லாம் நிழலும் பெஞ்சும் உண்டு. சக்கரம் உருளும் அதே மண்ணுக்காக நடந்த சண்டைக்கு?

பெயரை மாற்றுவதும் பெரிய காரியமில்லை. வழியில் ஹோல்புரூக் என்று ஒரு ஊர். அதன் முந்தைய பெயர் ஜெர்மன்டன். முதல் உலகப் போர் வந்ததும் அந்தப் பெயர் உறுத்தியது. 1914 டிசம்பரில் ஒரு துருக்கியப் போர்க்கப்பலை மூழ்கடித்த பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பலின் தலைவர் நார்மன் ஹோல்புரூக். மறுவருஷமே ஊர் அவர் பெயரை எடுத்துக்கொண்டது. இப்போது கடல் கண்ணுக்கெட்டாத அந்த உள்நாட்டு ஊரில், புல்வெளிமேல் ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் மேற்பாகத்தை வைத்திருக்கிறார்கள். அதிகாரத்துக்குத் தேவைப்பட்டால் ஒரு ஊரின் நினைவை ஒரே வருஷத்தில் மாற்றி எழுதிவிடலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கண்டகாய் ஊர்க் கதையை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மரம்பிட்ஜி ஆற்றின் தாழ்ந்த கரையில் ஊர் கட்டாதீர்கள், வெள்ளம் வரும் என்று விராஜுரி மக்கள் எச்சரித்ததாகச் சொல்லப்படுகிறது. யாரு கேட்டா? 1852 ஜூனில் வெள்ளம் வந்தது. சுமார் 250 பேர் இருந்த ஊரில் 80 பேருக்கு மேல் செத்தார்கள். யாரி, ஜாக்கி ஜாக்கி என்ற இரண்டு விராஜுரி ஆண்கள் மரப்பட்டைத் தோணியிலும் படகிலுமாக 69 பேரைக் காப்பாற்றினார்கள். கூரையிலும் மரக்கிளையிலும் தொங்கிய வெள்ளையர்களை, நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் இறக்கிக் கரைசேர்த்தார்கள்.

இந்த ஊருக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையோரம் ஒரு புகழ்பெற்ற சிலை உண்டு. மாட்டுவண்டிக்காரனின் சோற்றுப் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும் நாய். 1932இல் பிரதமர் ஜோசப் லயன்ஸ் வந்து திறந்துவைத்தார். யாரிக்கும் ஜாக்கி ஜாக்கிக்கும் ஊருக்குள் சிலை வந்தது 2017இல், வெள்ளம் வந்து 165 வருஷம் கழித்து. நாய்க்கும் இவர்களுக்கும் நடுவே 85 வருஷம். நாய்மேல் நமக்கு வருத்தமில்லை. வரிசை எப்படி நிர்ணயிக்கப்பட்டது என்பதே கேள்வி.

ஒன்றைக் கவனிக்கலாம். இந்தச் சாலையில் பூர்வகுடி மொழிச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. யாஸ், கண்டகாய், வாங்கரட்டா என்று பச்சைப் பலகைகள் வந்துகொண்டே இருக்கும். பெயர்ச்சொற்களை எடுத்துக்கொண்டார்கள். வினைச்சொற்கள் மட்டும் வந்தவர்களுடையவை: கண்டார், கடந்தார், நிறுவினார். பூர்வகுடிகளுக்கு வினை கிடைப்பது அவர்கள் கொல்லும்போதுதான். 1838 ஏப்ரலில் பெனல்லா அருகே ஃபெய்த்ஃபுல் சகோதரர்களின் ஆட்டு மந்தையோடு போன வேலையாட்களைப் பூர்வகுடியினர் தாக்கிக் கொன்றார்கள். வரலாறு அதை 'ஃபெய்த்ஃபுல் படுகொலை' என்று பெயரிட்டு வைத்திருக்கிறது. அதற்குப் பழிவாங்க அப்புறம் நடந்த கொலைகளுக்கு அப்படியொரு பெயர் நிலைக்கவில்லை. இத்தனைக்கும் ஜார்ஜ் ஃபெய்த்ஃபுல் தானும் தன் ஆட்களும் மணிக்கணக்கில் சுட்டதைப் பிற்பாடு தன் கடிதத்திலேயே எழுதினார்.

ஹியூமை விட்டு மேற்கே நரண்டெரா பக்கம் போனால், 'விஷமிடப்பட்ட நீர்க்குட்டைகள் ஓடை' என்று பொருள்படும் பெயருடைய ஓடை ஒன்று இருக்கிறது. பக்கத்து ஆற்றிலேயே 'கொலைத் தீவு'. இங்கே வினை தலைகாட்டுகிறது. ஆனால் விஷம் வைத்தது யார்? நம் இலக்கணத்தில் இதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர். வெளியே தெரியாது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். மானுடவியலாளர் டபிள்யூ. இ. எச். ஸ்டானர் 1968இல் தம் வானொலி உரைகளில் ஆஸ்திரேலியாவின் மாபெரும் மௌனம் என்று குறிப்பிட்டது இதைத்தான். மறந்துபோனதால் வந்த மௌனமில்லை அது.

சரி, பலகையை விடுவோம், காட்சி? புல்வெளி, தள்ளித் தள்ளி யூகலிப்டஸ், ஆட்டு மந்தை, மஞ்சள் பலகையில் கங்காரு. இயற்கையென்று ஜன்னல் வழியே ரசிக்கிறோம். முதலில் வந்த வெள்ளையர்கள் இந்த நிலம் இங்கிலாந்துக் கனவானின் பூங்கா மாதிரி இருக்கிறதென்று திரும்பத் திரும்ப எழுதினார்கள். பூங்கா என்றால் தோட்டக்காரர் வேண்டுமே என்று யோசிக்கவில்லை. பூர்வகுடியினர் தீயைப் பக்குவமாகக் கையாண்டு உருவாக்கிய நிலம் அது என்று பில் கேமேஜ் 2011இல் வந்த தம் நூலில் விரிவாக வாதிட்டார். வயல்களில் சாம்பல் நிறத்தில் நிற்கும் பட்டமரங்களில் பலவும் தானாகச் சாகவில்லை. மேய்ச்சலுக்காகப் பட்டையை வளையமாக உரித்துச் சாகடித்தவை. கங்காருவோ அதன் சொந்த மண்ணில் வண்டிக்கு ஆபத்தாக மட்டுமே பலகையில் இடம்பிடிக்கிறது.

யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற சட்டப் புனைவை 1992இல் மாபோ தீர்ப்பு தள்ளுபடி செய்தது. 2017 முதல் நியூகாஸில் பல்கலைக்கழகத்தில் லிண்டல் ரயனின் குழு படுகொலை நடந்த இடங்களை வரைபடத்தில் குறித்து வெளியிட்டது. ஆப்பின் நிலப்பகுதி 2022இல் மாநில மரபுப் பட்டியலில் சேர்ந்தது. மறுவருஷம், பூர்வகுடிகளுக்கு நாடாளுமன்றத்தில் ஆலோசனைக் குரல் தரலாமா என்ற வாக்கெடுப்பில் சுமார் 60 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். ஊர் எல்லைகளில் 'இது இன்னாருடைய நாடு' என்ற பலகைகள் இப்போது தென்படுகின்றன. நல்லதுதான். ஆனால் அதிலும் பெயர்தான் இருக்கிறது. அந்த நாடு கைமாறியது எப்படி என்ற வினை இல்லை.

'1816 ஏப்ரல் 17. ஆளுநர் மக்வாரியின் சிப்பாய்கள் இங்கே மக்களைக் கொன்றார்கள்.' எழுவாய், செயப்படுபொருள், பயனிலை எல்லாம் இருக்கிற ஒரு வாக்கியம். 110 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் படித்துவிடலாம்.