பெரும்பான்மையினர் விட்டுக்கொடுத்த இடம்: இந்தோனேசியப் பொதுமொழி உருவான வரலாறு

பல மொழிகள் வழங்கும் நாட்டில் பொதுமொழி எது என்ற கேள்வி எழுந்தால், பேசுவோர் தலையை எண்ணித் தீர்ப்புச் சொல்வது வழக்கம். எழுநூறுக்கு மேற்பட்ட மொழிகள் வழங்கும் இந்தோனேசியா அந்தக் கணக்கைப் பொருட்படுத்தவில்லை. 1930ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஜாவானியர் மட்டுமே மண்ணின் மக்களில் ஏறத்தாழ 47 விழுக்காடு. மலாயைத் தாய்மொழியாகக் கொண்டோர் மிகச் சிலர். ஆயினும் தேசிய மொழியாக அமர்ந்தது மலாய்தான். பெரிய இனம் எதற்கும் சொந்தமில்லாத மொழி என்பதால் பூசல் எழவில்லை என்று ஆய்வாளர் பலரும் காரணம் கூறுவர். அது பாதி விளக்கமே. பாகிஸ்தான் தேர்ந்த உருதும் சிறுபான்மையினரின் தாய்மொழிதான். அந்த நாடு இரண்டாகப் பிளந்தது.

மலாய் துறைமுகங்களின் மொழி. கப்பலேறி வந்த எவரும் அதில் பேரம் பேசக் கற்றனர். தமிழ் வணிகரும் அங்கே கடை விரித்தவர்களே: கப்பல் இன்றும் அம்மொழியில் ‘கபால்’, கடை ‘கெடாய்’, வணிகத்தில் போடும் முதல் ‘மோடால்’. நாட்டை ஆண்ட டச்சுக்காரர்கள் தங்கள் மொழியைக் குடிமக்களிடம் பரவலாகக் கொண்டு செல்லவில்லை. ஆட்சிக்கும் பள்ளிக்கும் மலாயையே பெரிதும் கையாண்டனர். 1901இல் டச்சு மொழியறிஞர் வான் ஒப்பெய்சன் அதற்கு ரோமன் எழுத்து முறையை வரையறுத்தார். 1917இல் அரசு நிறுவிய ‘பாலாய் புஸ்தாகா’ பதிப்பகம் மலாய் நூல்களைத் தீவுதோறும் பரப்பியது. தன்னை எதிர்க்கப் போகிறவர்களுக்குப் பொதுமொழியைப் பண்படுத்திக் கொடுத்தது குடியேற்ற அரசே என்பது வரலாற்றின் குறும்பு.

ஜாவானியர் ஏன் இணங்கினர்? அவர்கள் மொழி பழமையும் இலக்கிய வளமும் மிக்கது. குறை சொல்ல இடமில்லை. சிக்கல் அதன் படிநிலைகளில் இருந்தது. தமிழில் நீ, நீர், நீங்கள் என்று முன்னிலைச் சொல்லையும் அதற்கேற்ற வினைமுற்றையும் மாற்றினால் பெரும்பாலும் போதும். ஜாவானியத்தில் பேசுபவர், கேட்பவர் தகுதிக்கேற்ப அன்றாடச் சொற்களே மாறும். தாழ்ந்த நிலை ‘ங்ஙோகோ’, உயர்ந்த நிலை ‘க்ராமா’. சமத்துவம் பேச மேடையேறும் இளைஞன், எதிரே இருப்பவர் தனக்கு மேலா கீழா என்று முதலில் முடிவுசெய்ய வேண்டும். 1917இல் சுரபாயாவில் தோன்றிய ‘ஜாவா டிபா’ இயக்கம், எல்லோரும் ங்ஙோகோவே பேசுவோம் என்று கிளம்பியது; அது நிலைக்கவில்லை. மலாயில் இந்தத் தொல்லை குறைவு.

1926ஆம் ஆண்டு பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) கூடிய முதல் இளைஞர் மாநாட்டில், சுமத்ராவைச் சேர்ந்த முகம்மது யமின் மலாயைப் பொதுமொழியாக முன்மொழிந்தார். மதுரா தீவினரான தப்ரானி ஒரு திருத்தம் சொன்னார்: நாடு இந்தோனேசியா என்றால் மொழியின் பெயரும் இந்தோனேசிய மொழி என்றே இருக்கட்டும். அந்தப் பெயர் மாற்றத்தைச் சிறிய செய்தியாக நான் கருதவில்லை. மலாய்க்காரரின் மொழி என்ற உரிமைப் பத்திரம் அதனால் கிழிந்தது. 1928 அக்டோபர் 28 அன்று இரண்டாம் மாநாடு எடுத்த உறுதிமொழி ஒரே தாயகம், ஒரே இனம் என்றது. மொழிக்கு வந்தபோது மட்டும் ‘ஒரே’ என்னாமல், ஒற்றுமையின் மொழியைப் போற்றுவோம் என்றது. பிற மொழிகளுக்கு இடம்விட்ட அந்தச் சொல்லாட்சியைப் பின்வந்தோர் ‘ஒரே மொழி’ என்று சுருக்கிக்கொண்டனர். அந்த மாநாட்டிலேயே டச்சில் உரையாற்றியோரும் இருந்தனர் என்பதையும் குறிக்க வேண்டும்.

1942இல் வந்த ஜப்பானியர் டச்சு மொழியைத் தடைசெய்ய, அலுவலகமும் பள்ளியும் ஒரே வீச்சில் புதிய மொழிக்கு மாறின. 1945 அரசமைப்பின் 36ஆம் பிரிவு அதை அரசு மொழியாக்கியது. மக்கள் பேணிவரும் வட்டார மொழிகளை அரசு மதிக்கும் என்று அதன் விளக்கவுரை சேர்த்துச் சொன்னது.

பாகிஸ்தானில் நடந்ததை இதனருகே வைத்துப் பார்க்கலாம். அங்கே மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வங்காளம் பேசினர். நாடு பிறந்த பின், 1948 மார்ச்சில் டாக்காவுக்கு வந்த ஜின்னா உருதே அரசு மொழி என்று அறிவித்தார். 1952 பிப்ரவரி 21இல் அதை எதிர்த்துப் போராடிய மாணவர்கள் சுடப்பட்டனர். ஜாவானியர் அரசு அமைவதற்கு முன்பே தாமாக விட்டுக்கொடுத்த இடத்தை, வங்காளிகளிடம் அரசு கேட்காமலே எடுத்துக்கொண்டது. இரு நாடுகளின் விளைவுகளையும் பிரித்தது இந்த வேறுபாடே என்பது என் முடிவு.

இந்தோனேசியாவின் வெற்றிக்கும் விலை உண்டு. 2010 கணக்கெடுப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வீட்டிலேயே இந்தோனேசிய மொழி பேசினர். நகரத்துப் பிள்ளைகள் பலருக்கு க்ராமா வாயில் வருவதில்லை. அதிபர் சுகார்த்தோவின் ஆட்சி சீனப் பள்ளிகளை மூடிச் சீன எழுத்தைப் பொதுவெளியிலிருந்து அகற்றியது.

கிழக்குத் திமோரில் இதே மொழி 1975இல் இந்தோனேசியப் படையோடு நுழைந்தது. அந்நாடு பின்னர் பிரிந்ததற்குக் காரணம் மொழி மட்டுமல்ல. எனினும் இருபத்து நான்கு ஆண்டுப் பள்ளிக்கூடப் பயிற்சி அந்தப் பிரிவைத் தடுக்கவில்லை. 1999 வாக்கெடுப்பில் 78.5 விழுக்காட்டினர் இந்தோனேசியாவுக்குள் தன்னாட்சி என்ற ஏற்பாட்டை மறுத்தனர். 2002இல் விடுதலை பெற்ற அந்நாட்டின் ஆட்சிமொழிகள் தேத்தும், போர்த்துக்கேயம்.