மாற்றுக் கல்லீரலும் மது துறக்கும் சத்தியமும்

கல்லீரல் முற்றும் சுருங்கிக் கெட்டுப்போன நோயாளியின் கையில் ஒரு பென்சிலையும், 1 முதல் 25 வரையிலான எண்கள் முன்பின்னாகச் சிதறி அச்சிடப்பட்ட ஒரு தாளையும் கொடுத்து, அவ்வெண்களை வரிசைப்படி கோட்டால் இணைக்குமாறு மருத்துவர் கேட்பது நெடுநாளைய வழக்கம். ஆரோக்கியமுள்ள ஒருவர் அரை நிமிஷ அளவில் முடித்துவிடக்கூடிய இந்த எளிய காரியத்தில், அந்நோயாளியோ ஏழுக்கும் எட்டுக்கும் இடையே திகைத்து நிற்பார். பென்சில் தாளின் ஓரம் வரை சென்று திரும்பும். கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு பறவையின் சிறகுபோலத் துடித்துத் துடித்து விழும். கல்லீரல் கழிக்க வேண்டிய அம்மோனியா முதலிய நஞ்சுகள் இரத்தத்தோடு சென்று மூளையை எட்டி, சித்தத்தை மூடிக்கொள்வதே இதற்குக் காரணம். மதுவால் கல்லீரலை இழந்தவர்களுள் இந்நிலையை அடைந்தவர் பலர். அத்தகையோரிடத்திலேதான், 'இனி ஆயுள் உள்ளளவும் மதுவைத் தொடமாட்டேன்' என்னும் சத்தியத்தை மருத்துவ உலகம் கேட்டு வாங்கிற்று. சத்தியம் செய்த சித்தம் ஒன்று. அதைக் காக்க வேண்டியதோ, புதிய கல்லீரல் பொருந்தி நஞ்சு நீங்கித் தெளிந்தெழும் மற்றொரு சித்தம். இவ்வேறுபாட்டை மருத்துவம் உணர்ந்துகொள்வதற்குச் சற்றேறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்த வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1963 மார்ச் முதல் தேதியன்று, அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்ஸல் என்னும் அறுவை மருத்துவர், மூன்று வயதுப் பாலகன் ஒருவனுக்குக் கல்லீரலை மாற்றிப் பொருத்த முயன்றார். இரத்தப்பெருக்கை நிறுத்த இயலாமல் குழந்தை மேஜையிலேயே இறந்தது. 1967இல் அவரிடம் சிகிச்சை பெற்ற மற்றொரு குழந்தை ஓராண்டுக்கு மேல் உயிர் வாழ்ந்தது; அடுத்த ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ராய் கான் இச்சிகிச்சையைத் தொடங்கினார். எனினும் எழுபதுகளின் இறுதி வரையில் ஓராண்டைக் கடந்தவர் மூவரில் ஒருவர் என்ற அளவிலேயே இருந்தனராதலின், மதுவை விட்டவர் மீண்டும் குடிப்பாரா என்ற கேள்விக்கே அங்கு இடமிருக்கவில்லை. உடல் அயலுறுப்பைப் புறந்தள்ளாதபடி தடுக்கும் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து எண்பதுகளில் வழக்குக்கு வந்தபின் உயிர் பிழைப்போர் தொகை இரட்டித்தது. பிழைத்தவர் எப்படி வாழ்கிறார் என்னும் விசாரணையும் அதனோடு கூடவே பிறந்தது.

1983 ஜூன் மாதத்தில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் மாநாடு, இச்சிகிச்சை பரிசோதனை நிலையைக் கடந்துவிட்டது என்று தீர்ப்பளித்தது. ஆனால் மதுவால் ஈரல் கெட்டோரைப் பற்றிப் பேசுகையில், மதுவை விட்ட பின்னரும் மரணம் நிச்சயமென்று காணப்படுவோருள் மிகச் சிலரே இதற்குத் தகுதி பெறுவர் என்னும் கருத்தையே அது கொண்டிருந்தது. ஐந்தாண்டு கழித்து, பிட்ஸ்பர்க் நகருக்கு மாறியிருந்த ஸ்டார்ஸல், இத்தகைய 41 நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையின் பயனை வெளியிட்டார். அவர்களுள் ஓராண்டு உயிர் வாழ்ந்தோர் 73 விழுக்காடு. பிற காரணங்களால் கல்லீரல் கெட்டவர்கள் அடைந்த பயனுக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று. உடலைப் பற்றிய ஆட்சேபம் அத்துடன் தீர்ந்தது. எஞ்சியது மனத்தைப் பற்றிய சந்தேகம் ஒன்றே.

அச்சந்தேகத்தைத் தீர்க்கக் கண்ட உபாயம்தான், மாற்றுச் சிகிச்சைக்கு முன் ஆறு மாதம் மதுவைத் தொடாதிருக்க வேண்டும் என்னும் ஆறு மாத நியமம். அதன் பிறப்பில் ஒரு நியாயம் உண்டு என்பதை மறுத்தல் கூடாது: மதுவை நிறுத்தினால் மோசமான ஈரலும் சில மாதங்களில் தேறி, மாற்றுச் சிகிச்சையே வேண்டாமற்போவது உண்டு, ஆதலால் பொறுத்துப் பார்ப்பது வைத்திய விவேகமே. ஆனால் காலப்போக்கில், ஈரலைச் சோதிப்பதற்கென ஏற்பட்ட அவகாசம் மனிதனின் யோக்கியதையைச் சோதிக்கும் தவணையாக மாறிவிட்டது. அமெரிக்காவில் உறுப்புகளைப் பங்கிடும் அமைப்பு அதைச் சட்டமாக எழுதி வைத்ததில்லை. அப்படியிருந்தும் மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அதைச் சட்டத்தினும் கண்டிப்பாகக் கைக்கொண்டன. மது நோயாளிகளைப் பல்லாண்டு பின்தொடர்ந்து ஆராய்ந்த ஹார்வர்டு மனநல அறிஞர் ஜார்ஜ் வேலன்ட், ஐந்தாண்டு விலகியிருந்த பின்னரே மறுபடி விழுதல் அரிதாகிறது என்று கண்டிருந்தார். ஐந்தாண்டு காத்திருக்க நோயாளிக்கு ஆயுள் இல்லை. ஆறு மாதத்துக்கோ அவ்வளவு பெரிய சக்தி இல்லை.

நம்மவர் பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று சொல்வதுண்டு. வேதனையின் உச்சத்தில் தோன்றி, வேதனை நீங்கியதும் கரைந்துபோகும் உறுதிக்கு அவை பெயர். மரணத்தின் வாயிலில் நிற்பவன் குடியை விடுவதாகச் சொல்லும்போது அவன் பொய் சொல்வதில்லை. அவ்வேளையில் அது உண்மையே. அவ்வுண்மை நிலைப்பதற்கு எது துணை செய்யும் என்று கேட்பதே அறிவுடைமை. வேலன்ட் அதையே கேட்டார். குடி இருந்த இடத்தை நிரப்பும் வேறொரு பழக்கம், குடித்தால் உடனே தீங்கு வரும் என்னும் இடையறாத நினைவூட்டல், புதிதாக அமைந்த அன்புறவு, நம்பிக்கையூட்டும் ஒரு கூட்டத்தில் சேர்தல் ஆகியவற்றைப் பெற்றவர்களே நீடித்துத் தேறினர் என்று அவர் கண்டார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் பெரெஸ்போர்டும் அவருடைய சகாக்களும் 1990இல் இவற்றையே கல்லீரல் மாற்றத்துக்கு நோயாளிகளைத் தேர்வதற்கான அளவுகோலாக எடுத்துக்கொண்டனர். மாதங்களை எண்ணுவதை விட்டு மனிதனை விசாரிக்கும் மார்க்கம் அன்றே திறந்ததாயினும், அதில் நடந்தவர் சிலரே.

காரணம், ஊராரின் கண் வேறு பக்கம் நோக்கியிருந்தது. 1991 மார்ச் மாதத்தில் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் சஞ்சிகை ஒரே இதழில் இரு கட்டுரைகளை வெளியிட்டது. மாஸ், சீக்ளர் என்னும் இருவர், உறுப்புகள் அரிதாயிருப்பதால் தம் செயலால் நோயைத் தேடிக்கொண்டோர் பின்வரிசையில் நிற்பதே நீதி என்றனர். கோஹன், பெஞ்சமின் ஆகியோரோ, வேறெந்த நோயாளியிடமும் கேட்காத ஒழுக்கச் சான்றை இவர்களிடம் மட்டும் கேட்பது அநியாயம் என்றனர். பின்னவரின் வாதமே எனக்கு வலியதாகப் படுகிறது. ஆயினும் பொதுமக்கள் உள்ளம் முன்னவர் பக்கமே சாய்ந்தது. 1995இல் பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டில் காத்திருப்போர் பட்டியலில் சேர்ந்த இரண்டொரு நாளிலேயே கல்லீரல் பெற்றபோது எழுந்த கூச்சலும், 2002இல் லண்டனில் சிகிச்சை பெற்ற கால்பந்து வீரர் ஜார்ஜ் பெஸ்ட் மறு ஆண்டே மீண்டும் குடித்து 2005 நவம்பரில் இறந்தபோது எழுந்த கசப்பும் பத்திரிகைகளை நிறைத்தன. மேன்டில் பெற்ற அதே ஆண்டில் கல்லீரல் பெற்று, பதினேழு ஆண்டு வாழ்ந்து 2012இல் மறைந்த நடிகர் லாரி ஹாக்மனை அவ்வளவாக எவரும் எடுத்துக்காட்டவில்லை.

இனி, சிகிச்சை முடிந்து கண் விழிப்பவனின் மனோநிலையைக் காண்போம். எண்களை இணைக்கத் தடுமாறிய அம்மனிதனுக்குச் சித்தம் தெளிகிறது. தெளிவோடு ஞாபகமும் திரும்புகிறது. விற்ற நகை, அடித்த மனைவி, போகாத பள்ளி விழா ஆகிய அனைத்தும் மங்கலின்றி எதிரே வந்து நிற்கின்றன. முதல் மாதங்களில் தரப்படும் ஸ்டீராய்டு மருந்து உறக்கத்தைக் கெடுக்கிறது. காலையும் மாலையும் குறித்த நாழிகை தவறாமல் விழுங்க வேண்டிய மாத்திரைகள் அவன் இன்னும் நோயாளியே என்று அறிவிக்கின்றன. முன்பு இத்தகைய துயரத்துக்கெல்லாம் அவன் அறிந்திருந்த மருந்து ஒன்றே. அதுவே இப்போது விலக்கப்பட்டது. உற்றார் 'மறுபிறவி எடுத்தாய்' என்று மகிழ்கையில், தனக்குள் மகிழ்ச்சி இல்லை என்று சொல்வதற்கு அவனுக்கு நாவெழுவதில்லை.

பிட்ஸ்பர்க்கில் ஆண்ட்ரியா டிமார்ட்டினி என்னும் மனநல மருத்துவர் இத்தகைய 167 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். ஐந்தாண்டுக்குள் ஒரு முறையேனும் மதுவருந்தியோர் 42 விழுக்காடு என்று 2006இல் அவர் எழுதியது பலரை அச்சுறுத்திற்று. ஒரு வாய் அருந்தியதும் நாள்தோறும் மூழ்கியதும் ஒன்றாகா என்பதைப் பலர் கவனிக்கவில்லை. 2008இல் மேரி அமாண்டா டியூவும் சகாக்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணித்தபோது, ஆண்டொன்றுக்கு 100 பேரில் 5 அல்லது 6 பேர் ஏதேனுமோர் அளவில் மதுவுக்குத் திரும்பினர், மிகுதியாகக் குடித்தோர் 2 அல்லது 3 பேரே என்று தெரிந்தது. ஆனால் யான் தலையாயதாகக் கருதுவது, டிமார்ட்டினி 2011இல் வெளியிட்ட முடிவையே. அறுவைக்குப் பின் முதலாண்டில் மனச்சோர்வு குறைவாகவே இருந்தவர்களில் பத்தாண்டு உயிர் வாழ்ந்தோர் 66 விழுக்காடாகவும், சோர்வு வளர்ந்துகொண்டே சென்றோரில் அது 46 ஆகவும், தொடக்கம் முதல் சோர்வு மிகுந்திருந்தோரில் 43 ஆகவும் இருந்தது. குடித்தானா என்று மட்டுமே கேட்டுவந்த மருத்துவம், அழுதானா என்று கேட்கத் தவறியதன் விலை இவ்வெண்களில் இருக்கிறது.

அதே 2011இல் ஆறு மாத நியமமும் ஆட்டங்கண்டது. பிரான்ஸின் லீல் நகரத்து பிலிப் மாத்யுரேனும் பிறரும், மருந்துக்கு மசியாத கடும் மது ஈரல் அழற்சியால் ஆறு மாதம் காத்திருக்கவே இயலாத 26 பேருக்கு, பிரான்ஸ், பெல்ஜியம் ஆகிய நாடுகளின் ஏழு மருத்துவமனைகளில் உடனே சிகிச்சை செய்தனர். ஆறு மாதத்தில் உயிரோடிருந்தோர் 77 விழுக்காடு. சிகிச்சை பெறாத அத்தகையோரில் 23. பின்னாளில் குடிக்குத் திரும்பியவர் மூவர். தேர்வு நடந்த முறையே இங்குச் சிந்திக்கத்தக்கது: செவிலியரும் இளம் மருத்துவரும், மதுநோய் வல்லுநர், மூத்த ஈரல் மருத்துவர்கள், அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் என நான்கு வட்டத்தாரும் ஒருமனப்பட்டாலன்றி எவரும் ஏற்கப்படவில்லை. நள்ளிரவில் நோயாளி யாருடைய பெயரைச் சொல்லி அழைக்கிறான், காண வருவோர் எவர் என்பதை அறிந்த செவிலியரின் சொல்லுக்குப் பேராசிரியரின் சொல்லோடு சமமான இடம் கிடைத்தது இச்சரித்திரத்தில் சிறிய நிகழ்ச்சியன்று. பிறகு அமெரிக்காவின் 12 மையங்களில் இவ்வாறு காத்திராமல் சிகிச்சை பெற்ற 147 பேரின் கணக்கு 2018இல் வெளிவந்தது. மூன்றாண்டு பிழைத்தோர் 84 விழுக்காடு, தொடர்ந்து குடித்தோர் 17.

ரோமாபுரியிலிருந்து 2013இல் வந்த செய்தி இவற்றினும் எளியது. மதுநோய்க்கான பிரிவை வேறிடத்தில் வைக்காமல் மாற்றுச் சிகிச்சை மையத்துக்குள்ளேயே அடோலொராட்டோ குழுவினர் அமைத்தபோது, குடிக்குத் திரும்பினோர் 35.1 விழுக்காட்டிலிருந்து 16.4 ஆகக் குறைந்தனர். இரு கூட்டத்தாரும் வெவ்வேறு காலத்தவராதலின் இவ்வெண்களை எச்சரிக்கையோடு கொள்ள வேண்டுமெனினும், அவை காட்டும் திசையில் ஐயமில்லை.

இந்தியாவில் கல்லீரல் மாற்றுச் சிகிச்சை வெற்றி கண்டது 1998இல்; டெல்லியில் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்குத் தந்தையே ஈரலின் ஒரு பகுதியை அளித்தார். இன்றளவும் இந்நாட்டில் பெரும்பாலான கல்லீரல்கள் உயிரோடிருக்கும் உறவினரிடமிருந்தே கிடைக்கின்றன. ஆகவே குடியால் வீழ்ந்தவனுக்கு ஈரல் தருபவர் பெரும்பாலும் அக்குடியால் துன்புற்ற மனைவியாகவோ, மகனாகவோ, மகளாகவோ இருக்க நேர்கிறது. அவர்கள் வயிற்றின் தழும்பை அவன் அன்றாடம் வீட்டில் காண்கிறான். இக்கடனின் பாரத்தை மேலைநாட்டு ஆய்வுகளின் அளவுகோல் முழுதும் அளந்துவிடாது. நம் மருத்துவமனைகளை நடத்துவோரிடம் வேண்டிக்கொள்வது ஒன்று உண்டு: மாதந்தோறும் இரத்தப் பரிசோதனைக்கு வரும் இவர்களை, மருந்தளவைக் குறித்துக்கொண்டு அனுப்பிவிடாமல், கால் மணி நேரமேனும் மனநல மருத்துவர் முன் அமரச் செய்யுங்கள், ஈரல் கொடுத்தவரையும் உடன் அமரச் செய்யுங்கள்.