ஹவுஸ் சர்ஜன்ல இருக்கிற அந்த 'ஹவுஸ்' எங்கே? மருத்துவ மாணவர்கள் தங்கிய இடங்களின் கதை

1/
எம்.பி.பி.எஸ். கவுன்சலிங் முடிஞ்சதும் வருஷா வருஷம் எனக்கு ஒரு போன் வரும். "டாக்டர், பொண்ணுக்கு சென்னைல சீட் கிடைச்சிருக்கு. ஹாஸ்டல்ல விடவா, வெளிய ரூம் பாக்கவா, இல்ல ஆவடில அவ அத்தை வீட்ல இருந்து போய்ட்டு வரட்டுமா?"

2/
பதிலை இழையின் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு. ஏன்னா இந்தக் கேள்விக்கு இருநூறு வயசு ஆகுது. நம்ம தொழிலின் பெயர்களே இதிலிருந்து வந்தவைதான்.

3/
படிப்பு முடிஞ்சு பயிற்சியில் இருப்பவரை 'ஹவுஸ் சர்ஜன்' என்கிறோம். மேற்படிப்பு படிப்பவர் 'ரெசிடென்ட்'. பயிற்சி வருடத்துக்கு சிஆர்ஆர்ஐ என்று பெயர். கட்டாய, சுழற்சி முறை, உறைவிடப் பயிற்சி. மூன்றிலும் ஒரு வீடு ஒளிஞ்சிருக்கு, கவனிச்சீங்களா?

4/
1815, லண்டன். பெரிய கவிஞராகப் பின்னாளில் உலகம் கொண்டாடிய ஜான் கீட்ஸ், அந்த வருடம் அக்டோபரில் கய்ஸ் ஆஸ்பத்திரியில் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். அப்போது கல்லூரி விடுதி எல்லாம் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருக்களில் அவரவரே அறை தேடிக்கொள்ள வேண்டும்.

5/
கீட்ஸுக்குக் கிடைத்தது செயின்ட் தாமஸ் தெருவில், மெழுகுவத்தி வியாபாரி ஒருவரின் வீடு. கூட இருந்த சீனியர் மாணவர்கள் கிளம்பியதும் வாடகை கட்டுப்படி ஆகவில்லை. அதே வீட்டில் இருந்த வேறு இரண்டு மாணவர்களோடு சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டார். திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்த யாருக்கும் இந்தக் கதை புதுசா தெரியாது!

6/
செலவு இழுத்தாலும் அவர் தூரமாகப் போகவில்லை. காரணம் வேலையின் தன்மை. சர்ஜனுக்கு உதவும் மாணவருக்கு 'டிரெஸ்ஸர்' என்று பெயர். அவர்கள் முறை வைத்து ஆஸ்பத்திரியிலேயே தங்கி, ராத்திரி வரும் விபத்து கேஸ்களைப் பார்க்க வேண்டும். கீட்ஸும் 1816இல் டிரெஸ்ஸர் ஆனார். கால் உடைந்தவன் காலை பத்து மணிக்குத்தான் வருவான் என்று யார் சொல்ல முடியும்?

7/
வாடகை பாக்கி, சண்டை போடும் வீட்டுக்கார அம்மா, குடி. லண்டன் மருத்துவ மாணவனுக்கு இப்படி ஒரு பெயர் ஊர் முழுக்க இருந்தது. சார்லஸ் டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலிலேயே அப்படி ஒரு மாணவன் வருகிறான். ஊரிலிருந்து பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு எப்படி இருந்திருக்கும்?

8/
1843இல் லண்டனின் செயின்ட் பார்த்தலோமியூ ஆஸ்பத்திரி மாணவர்களுக்காகவே ஓர் உறைவிடக் கல்லூரியைத் தொடங்கியது. முதல் வார்டன் ஜேம்ஸ் பேஜட். ஆமாம், எலும்பு நோய் பாடத்தில் 'பேஜட்ஸ் டிசீஸ்' என்று படிக்கிறோமே, அவரேதான். அவரும் அங்கேயே குடியிருந்தார்.

9/
அடுத்தது அமெரிக்கா. 1889இல் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி திறந்தது. மருத்துவத்துக்கு வில்லியம் ஆஸ்லர், அறுவை சிகிச்சைக்கு வில்லியம் ஹால்ஸ்டெட். இன்று உலகம் முழுக்க இருக்கும் ரெசிடென்சி முறை அங்கே உருவானது. பயிற்சி மருத்துவர் ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குள்ளேயே குடியிருப்பார். அதனால் அவர் 'ரெசிடென்ட்'.

10/
சம்பளம் பெயருக்குத்தான். கல்யாணம் ஆகாதவராக இருப்பதே வழக்கம். தூங்க நேரம் இல்லை. இதில் நிறைய அநியாயம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் ஒரு ஒப்பந்தம் தெளிவாக இருந்தது: உன் இரவுகளை நான் எடுத்துக்கொள்கிறேன், பதிலுக்குப் படுக்க இடமும் சாப்பாடும் தருகிறேன்.

11/
இப்போ நம்ம மெட்ராஸுக்கு வருவோம். 1664இல் கோட்டைக்குள் தொடங்கிய ஜி.எச்., 1772இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. அதையொட்டி 1835இல் மருத்துவப் பள்ளி ஆரம்பம். அதுதான் பின்னாளில் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்.

12/
1875இல் அங்கே பெண்களைச் சேர்த்தார்கள். உலக அளவிலேயே அது முன்னோடி முடிவு. முதல் நான்கு பெண்களில் ஒருவர் மேரி ஷார்லீப். அவருடைய கணவர் மெட்ராஸில் வக்கீல். அதாவது படிக்க வரும் முன்பே அவருக்கு இந்த ஊரில் ஒரு வீடு இருந்தது. சீட் எல்லாப் பெண்களுக்கும் திறந்தது. ஆனால் ராத்திரி தலை சாய்க்க இடம்?

13/
1907இல் புதுக்கோட்டையிலிருந்து வந்து சேர்ந்தார் முத்துலட்சுமி ரெட்டி. 1912இல் டாக்டர் ஆனார். அவர் படித்த படிப்பு, வகித்த பதவி எல்லாம் நமக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது 1930இல் நடந்ததை.

14/
தேவதாசி குடும்பங்களைச் சேர்ந்த சிறுமிகள் அடைக்கலம் தேடி அவர் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதி கிடைக்கவில்லை. தன் வீட்டிலேயே தங்க வைத்தார். அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது. படிப்புக்கு முதல் தேவை பத்திரமான ஒரு கூரை என்பதைப் புரிந்துகொண்ட டாக்டர் அவர்.

15/
அடுத்த வருஷம், 1931இல், பீச் - தாம்பரம் எலக்ட்ரிக் ட்ரெயின் ஓட ஆரம்பித்தது. காலேஜ் பக்கத்திலேயே பார்க் ஸ்டேஷன். மாம்பலம், சைதாப்பேட்டையில் இருந்துகொண்டே படிக்கலாம் என்ற நிலைமை வந்தது. 'எங்கே தங்குவது' என்ற கேள்வியோடு 'எவ்வளவு நேரம் பயணம்' என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

16/
அந்த ட்ரெயினில் போன ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருத்தன். தாம்பரம் பக்கம் சித்தப்பா வீடு. வாடகை இல்லை, சித்தி கையால சாப்பாடு, சீசன் டிக்கெட். முதல் வருஷம் சொர்க்கம். பாதி அனாட்டமியை ட்ரெயினில்தான் படிச்சேன்.

17/
வார்டு போஸ்டிங் ஆரம்பிச்சதும் கதை மாறிடுச்சு. எழும்பூரில் பிரசவ வார்டு. கடைசி ட்ரெயினைக் கணக்குப் போட்டு நான் கிளம்பிடுவேன். மறுநாள் காலை ஹாஸ்டல் பசங்க, "நைட்டு ஒரு ட்வின்ஸ் டா, ரெண்டாவது குழந்தை குறுக்கே திரும்பிடுச்சு" என்பார்கள். நான் கதை கேட்பேன். அவங்க கேஸ் பார்த்திருப்பாங்க.

18/
ஹவுஸ் சர்ஜன் ஆனபோது அந்த இடைவெளி என் கையில் தெரிந்தது. பயந்து நின்றது நான். பயமில்லாமல் கையை வைத்தது அவர்கள். மதிப்பெண்ணில் நான்தான் முன்னால். ஆனா லேபர் வார்டுக்கு மதிப்பெண் தெரியாதே.

19/
சரி, இப்போ பதில். முதலில் ஒரு கணக்கு. ஒரு வழிப் பயணம் 45 நிமிடம் என்றால் நாளுக்கு ஒன்றரை மணி நேரம். வாரம் 6 நாளுக்கு 9 மணி. மாதத்துக்குக் கிட்டத்தட்ட 39 மணி. தூரத்து ரூமில் மாதம் 3000 ரூபாய் மிச்சம் ஆகிறது என்றால், உங்கள் ஒரு மணி நேரத்தை 77 ரூபாய்க்கு விற்கிறீர்கள்.

20/
சில வீடுகளில் அந்த 3000தான் தங்கச்சியின் ஸ்கூல் ஃபீஸ். அது எனக்கும் தெரியும். அப்படி இருந்தால் விற்பதில் தப்பே இல்லை. என்ன விலைக்கு விற்கிறோம் என்று தெரிந்து விற்க வேண்டும், அவ்வளவுதான்.

21/
முதல் வருஷம் சொந்தக்காரர் வீடு என்றால் தாராளமாக இருங்க. ஊரும் உணவும் பழகட்டும். வார்டு போஸ்டிங் தொடங்கும்போது ஹாஸ்டலுக்கோ பக்கத்து ரூமுக்கோ மாறிடுங்க. ரூம் பார்க்கும்போது காலேஜ் கேட்டிலிருந்து தூரத்தை அளக்காதீங்க. எந்தெந்த ஆஸ்பத்திரியில் போஸ்டிங் என்று சீனியர்களிடம் கேட்டு, லேபர் வார்டிலிருந்தும் கேஷுவாலிட்டியிலிருந்தும் அளங்க. அட்வான்ஸ் கொடுக்கும் முன் ராத்திரி பதினொரு மணிக்கு அந்தத் தெருவில் ஒருமுறை நடந்து பாருங்க.

22/
கடைசியாக, நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில், நைட் டூட்டிக்கு நடுவே ஓய்வெடுக்கக் கருத்தரங்க அறைக்குப் போன பயிற்சி டாக்டர் பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்டார். நாடே கொதித்தது.

23/
அந்தப் பழைய ஒப்பந்தத்தில் இரவுகளை எடுத்துக்கொள்ளும் பாதியை மட்டும் நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம். 'ஹவுஸ்' என்றும் 'ரெசிடென்ட்' என்றும் கூப்பிட்டால், உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு அறையாவது கொடுக்க வேண்டும். அது சலுகை இல்லை. அந்தப் பெயருக்கான வாடகை.

24/
தம்பி, தங்கச்சிகளே, சீட் கிடைத்ததற்கு வாழ்த்துகள். உங்க வீட்டில் இந்தப் பேச்சு ஓடிக்கிட்டிருந்தா இந்த இழையை அப்பா அம்மாவிடம் படிச்சுக் காட்டுங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, டூட்டி முடிஞ்சு வந்து பதில் சொல்கிறேன்.