ஸ்லாட் கார் மோட்டார்களில் மின் இரைச்சல் தடுப்பு

ஸ்லாட் கார் என்பது, தடத்தில் உள்ள பள்ளத்தைப் பற்றிக்கொண்டு, அதன் இருபுறமும் பதித்த உலோகப் பட்டைகளிலிருந்து மின்சாரம் பெற்று ஓடும் பொம்மைப் பந்தயக் கார் ஆகும். இங்கிலாந்தில் பிரெட் பிரான்சிஸ் என்பவரின் மினிமாடல்ஸ் நிறுவனம் 1957-இல் வெளியிட்ட ஸ்கேலெக்ஸ்ட்ரிக் இவ்வகையில் பெயர் பெற்றது. இத்தகைய கார்களின் மோட்டாரோடு பற்றவைக்கப்படும் சிறு மின்தேக்கியும் மின்தூண்டியும் காரை ஓட்ட உதவுவதில்லை. அவை பக்கத்து வீட்டு வானொலிக்காக வைக்கப்பட்டவை.

சென்னையின் பள்ளத்து வண்டி

பள்ளத்திலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் வண்டி தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1895-இல் சென்னையில் ஓடத் தொடங்கிய மின் டிராமுக்கு, முதலில் தெருவுக்கு அடியில் அமைத்த தடத்தின் வழியாகவே மின்சாரம் தரப்பட்டது. பருவமழை அதைப் பாழாக்கியதால் பின்னர் மேல்நிலைக் கம்பிக்கு மாறினர். சென்னை டிராம் 1953 வரை ஓடியது.

அந்த நகரத்தில்தான் வானொலியும் பிறந்தது. சி. வி. கிருஷ்ணசுவாமி செட்டி முயற்சியில் அமைந்த சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924-இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1930-இல் மாநகராட்சி அதை ஏற்றது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. தீப்பொறி தெறிக்கும் டிராமும் மெல்லிய அலையைத் தேடும் வானொலிப் பெட்டியும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒரே ஊரில் இருந்தன.

இரைச்சல் எப்படி எழுகிறது?

நேர்மின்னோட்ட மோட்டாரில் சுழலும் திசைமாற்றியின் மீது கார்பன் பிரஷ்கள் உரசுகின்றன. ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் சிறு பொறி எழுகிறது. மார்க்கோனியின் தொடக்ககால அலைபரப்பிகளே பொறியைக் கொண்டு இயங்கியவைதாம். ஆகவே பிரஷ் வைத்த ஒவ்வொரு மோட்டாரும், உரிமம் இல்லாத ஒரு சிறு ஒலிபரப்பு நிலையம் எனலாம். ஸ்லாட் காரில் பட்டையைத் தொட்டு ஓடும் செப்புப் பின்னலும் பொறி விடும். மோட்டாரையும் மின்வழங்கியையும் இணைக்கும் நீண்ட தடம் ஏரியலாகிவிடும்.

தொலைவு கூடக் கூட இந்தத் தொல்லையும் கூடும். சென்னை நிலையத்தின் 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை, நகரத்துக்குள் வலுவாகக் கேட்கும். காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் போன்ற ஊரை அடையும்போது அது மெலிந்துவிடும். பக்கத்து வீட்டு மிக்சியின் பொறியோ மெலிவதில்லை. தறிக்குழியில் அமர்ந்து பாட்டுக் கேட்பவருக்கு அந்த மிக்சி ஓடி முடியும் வரை கரகரப்புதான். வயலில் ஓடும் பம்புசெட் மோட்டாரில் பிரஷ் இல்லாததால் இந்தத் தொல்லை இல்லை. 1980-களின் நடுப்பகுதி வரை வானொலி கேட்பவர் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. கட்டணம் கட்டியவருக்கும் இரைச்சலிலிருந்து விலக்கு இல்லை.

தடுக்கும் உறுப்புகள்

மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே இணைக்கும் மின்தேக்கி, பொறியின் உயர் அதிர்வெண் மின்னோட்டத்தை அங்கேயே சுற்றி முடித்துவிடுகிறது. பெரும்பாலும் அதன் மேல் 104 என்ற எண் இருக்கும்; 10-க்குப் பின் நான்கு சுழிகள், அதாவது 1,00,000 பிகோஃபாரட் அல்லது 0.1 மைக்ரோஃபாரட். சில மோட்டார்களில் ஒவ்வொரு முனையிலிருந்தும் உலோகக் கூட்டுக்கு மேலும் ஒவ்வொன்று உண்டு. மின்கம்பியில் தொடராக வைக்கும் சோக், மிச்சம் தடத்துக்குள் செல்லாமல் மறிக்கிறது.

வீட்டில் இதன் உறவினர் ஒருவர் உண்டு. பழைய ட்யூப்லைட் ஸ்டார்ட்டரைப் பிரித்தால் கண்ணாடிக் குமிழோடு ஒரு குட்டிக் கன்டென்சர் தெரியும். அதன் வேலையும் வானொலி இரைச்சலைக் குறைப்பதே. மின்விசிறிக் கன்டென்சர் இந்த வகையன்று, அது விசிறியைச் சுழற்றுவதற்கானது. மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு.

சட்டமும் பந்தயக்காரர்களும்

வானொலி இடையூறுகளுக்கான பன்னாட்டுக் குழுவான சிஸ்பர் 1934-இல் பணியைத் தொடங்கியது. பிரிட்டனில் 1949-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம், இடையூறு செய்யும் கருவிகளைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம் தந்தது. தொலைக்காட்சி பரவிய காலத்தில் வந்த ஸ்லாட் கார், படத்திலும் புள்ளிகளைத் தூவக்கூடிய பொம்மை. இன்று சிஸ்பர் 14-1 தரநிலை மின் பொம்மைகளையும் உள்ளடக்குகிறது.

வேகம் கூடும் என்று நம்பி மின்தேக்கியை வெட்டி எறியும் பந்தயக்காரர்கள் உண்டு. நல்ல நிலையில் உள்ள மின்தேக்கி வேகத்தைக் குறைப்பதில்லை. பழுதாகிக் குறுக்கிணைப்பு ஏற்பட்டால் மட்டுமே கார் நின்றுவிடும். வெட்டியவருக்கு இழப்பேதும் தெரியாது, இழப்பு சுவருக்கு அப்பால் நிகழ்கிறது.

இதைச் சோதிப்பது எளிது. மத்திய அலையில் நிலையம் இல்லாத இடத்தில் வானொலியை வைத்து, அருகில் மின்தேக்கி இல்லாத பேட்டரி பொம்மைக் காரை ஓட்டினால் கரகரப்புக் கேட்கும். மோட்டார் முனைகளில் ஒரு 104-ஐப் பற்றவைத்து மீண்டும் ஓட்டினால் அது பெருமளவு அடங்கும்.