கொடைக்கானல் மலைப்பயணமும் எரிபொருள் விலையும்

பெட்ரோல், டீசல் விலை ஏறும்போது பழனி மலைத்தொடரிலுள்ள கொடைக்கானலுக்குச் சுற்றுலா வரும் வாகனங்களின் பயணத்திட்டம் எப்படி மாறுகிறது என்பதை இக்கட்டுரை கூறுகிறது. மேலைநாடுகளில் இதே கேள்வி, காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச்செல்லும் 'பயண வீடு' வைத்திருப்பவர்களை முன்வைத்து எழும். தமிழ்நாட்டில் அத்தகைய இழுவை வீடுகள் மிக அரிது. இங்கே 'கேரவன்' என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்கும் வண்டிதான் பலருக்கு நினைவுக்கு வரும். குடும்பமாகப் புறப்பட்டு, அடுப்பும் அரிசியும் ஏற்றிக்கொண்டு, வழியில் நிழல் கண்ட இடத்தில் சமைத்துச் சாப்பிடும் வழக்கம் இங்கே வாடகை வேனில்தான் நடக்கிறது. எனவே விலையேற்றத்தின் கதையையும் பெரும்பாலும் வேனை வைத்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

இடமும் வழியும்

திண்டுக்கல் மாவட்டத்துக் கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் இங்கே குடியேறியபோது பெரியகுளம் பக்கத்திலிருந்து நடந்தோ பல்லக்கிலோதான் ஏற முடிந்தது. மோட்டார் வண்டி ஏறக்கூடிய லாஸ் காட் சாலை முதல் உலகப்போர்க் காலத்தில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. வத்தலக்குண்டு வழியாக ஏறும் அந்தச் சாலையே இன்றும் முதன்மையானது. பழனியிலிருந்து வரும் சுமார் 64 கிலோமீட்டர்ச் சாலை பெருமாள்மலையில் அதனுடன் சேர்கிறது. பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை, அடுக்கம் வழியாக ஏறும் சாலை தூரத்தைக் குறைத்தாலும் குறுகலானது. மழைக்காலத்தில் மண்சரிவால் அடைபடும். பெரிய வண்டிக்காரர் யாரும் அதை நம்பித் திட்டம் போடுவதில்லை.

ஊட்டிக்கு 1908-இலேயே ரயில் போய்ச் சேர்ந்துவிட்டது. கொடைக்கானலுக்கு ரயில் இல்லை. பெயரில் கொடைக்கானலைச் சுமக்கும் கொடை ரோடு நிலையம் அடிவாரத்துக்கும் அப்பால், சாலைவழியே ஏறத்தாழ 80 கிலோமீட்டரில், திண்டுக்கல்–மதுரை பாதையில் இருக்கிறது. ஆகவே மலைக்கு ஏறும் ஒவ்வொரு ஆளும், ஒவ்வொரு அரிசி மூட்டையும், ஒவ்வொரு சமையல் எரிவாயு உருளையும் எரிபொருள் எரித்துத்தான் ஏற வேண்டும்.

ஏற்றத்தின் கணக்கு

மலைப்பயணத்தில் தூரம் மட்டும் செலவைத் தீர்மானிப்பதில்லை. வத்தலக்குண்டு சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நகருக்கு 1,800 மீட்டர் ஏற வேண்டும். ஆளும் மூட்டையும் சேர்ந்து மூன்றரை டன் வரும் ஒரு வேனை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 62 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் அடங்கிய ஆற்றல் சுமார் 36 மெகாஜூல். அதில் முப்பது விழுக்காடுதான் சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், சமதளத்தில் ஓடும் செலவுக்கு மேல் ஐந்தரை முதல் ஆறு லிட்டர் வரை கூடுதலாகும். ஒன்றரை டன் எடையுள்ள இழுவை வீட்டைப் பின்னால் மாட்டினால் இன்னொரு இரண்டரை லிட்டர். இது உயரத்துக்கு மட்டுமான கணக்கு. வளைவுக்கு வளைவு வேகம் குறைத்து, இரண்டாம் கியருக்கு இறங்கி, மறுபடி முடுக்குவதில் போகும் எண்ணெய் இதில் சேரவில்லை.

உயரம் கூடக்கூடக் காற்றும் அடர்த்தி குறைகிறது. கொடைக்கானலில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய இன்ஜின் அந்த அளவுக்குத் திணறும். புதிய டர்போ டீசல் வண்டிகளுக்கு இந்தச் சிக்கல் வெகுவாகக் குறைந்துவிட்டது.

இறங்கும்போது கியரில் வைத்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இக்கால வண்டிகள் எரிபொருளை ஏறக்குறைய முற்றிலும் நிறுத்திக்கொள்ளும். ஏற்றத்தில் போன காசில் சிறுபகுதி இப்படித் திரும்புகிறது. ஆனால் விலை ஏறிய காலங்களில் இன்னொரு பழக்கம் தலைதூக்குகிறது: டீசல் மிச்சம் என்று நினைத்து நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருவது. இதில் மிச்சம் ஒன்றுமில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க அதற்கும் எண்ணெய் போகும்; வண்டியின் முழு எடையும் பிரேக்கின் மேல் விழும்; பிரேக் சூடேறினால் பிடிமானம் போகும். இன்ஜினையே அணைத்துவிட்டால் பிரேக்குக்குத் துணையாக இருக்கும் அழுத்தமும் சில மிதிகளில் தீர்ந்துவிடும். ஐம்பது ரூபாய்க்கு ஆசைப்பட்டு வத்தலக்குண்டுச் சாலையின் டம்டம் பாறைச் சரிவில் செய்யக்கூடிய ஆக மோசமான காரியம் இதுதான்.

விலை ஏறிய காலங்கள்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. சென்னை மாகாணத்தில் பல பேருந்துகள் கரி வாயுவில் ஓடின. கரி பஸ்ஸின் இழுவை பெட்ரோல் வண்டியைவிடக் குறைவு. மேடு என்றாலே அதற்குச் சோதனைதான். 1973-இல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையால் கச்சா எண்ணெய் விலை நான்கு மடங்கானது. ஆனால் சொந்தக் காரில் மலைக்கு வருவோர் அன்று சிலரே. பலர் பேருந்தில் வந்தார்கள்.

இன்றைய நிலைக்கு வழிவகுத்தது 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2012 மே மாதம் ஒரே இரவில் பெட்ரோல் லிட்டருக்கு ஏழரை ரூபாய்க்கு மேல் ஏறியது. டீசல் அப்போதும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்ததால் டீசல் வேனுக்கு அது பொற்காலம். 2013 ஜனவரியிலிருந்து டீசலும் மாதம் சுமார் ஐம்பது பைசாவாக ஏற்றப்பட்டு, 2014 அக்டோபரில் அதன் கட்டுப்பாடும் நீங்கியது. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் விலை நாள்தோறும் மாறும் முறை வந்தது.

2021 ஜூலைத் தொடக்கத்தில் சென்னையில் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியது. தமிழ்நாடு அரசு ஆகஸ்ட் மாதம் பெட்ரோல் வரியில் மூன்று ரூபாய் குறைத்தது. நவம்பரில் மத்திய அரசு கலால் வரியில் பெட்ரோலுக்கு ஐந்து ரூபாயும் டீசலுக்குப் பத்து ரூபாயும் குறைத்தது. பிறகு நான்கரை மாதம் விலை அசையவே இல்லை. உக்ரைன் போர் தொடங்கி, ஐந்து மாநிலத் தேர்தல் முடிவுகளும் வெளிவந்த பிறகு, 2022 மார்ச் 22-இல் மீண்டும் ஏறத் தொடங்கியது. ஏப்ரல் 6-க்குள் சென்னையில் டீசல் 91 ரூபாய் 43 காசிலிருந்து 100 ரூபாய் 94 காசுக்கும், பெட்ரோல் 110 ரூபாய் 85 காசுக்கும் வந்து நின்றன. மே மாதக் கலால் குறைப்பால் டீசல் 94 ரூபாய்க்கும், 2024 மார்ச் 15-இல் மேலும் இரண்டு ரூபாய்க் குறைப்பால் 92 ரூபாய்க்கும் இறங்கியது.

வாடகையும் யார் தலையில் சுமை என்பதும்

சுற்றுலா வேன்களுக்கு இரண்டு விதமாக வாடகை பேசுவார்கள். ஒன்று, 'நாள் வாடகை, டீசல் உங்களுடையது'. இதில் பெட்ரோல் பங்கில் பணம் கட்டுபவர் பயணிதான். விலையேற்றம் நேராக அவரிடம் போகும். மற்றது கிலோமீட்டர் ரேட்: கிலோமீட்டருக்கு இவ்வளவு, ஒரு நாளைக்குக் குறைந்தது இத்தனை கிலோமீட்டர், டிரைவர் பேட்டா தனி, சுங்கம் தனி, மலைக்கு என்றால் அதற்கு ஒரு கூடுதல். இதில் டீசல் வண்டிக்காரருடையது. கோடை சீசன் ஏப்ரல், மே. அதற்கான பேச்சு பிப்ரவரியிலேயே முடிந்துவிடும். 2022-இல் நடந்த ஏற்றம் பேசி முடித்த வாடகைக்கும் ஏறப்போகும் நாளுக்கும் நடுவில் சரியாக வந்து விழுந்தது. முன்பணம் வாங்கியவர் ரேட்டை மாற்றிக் கேட்டால் வாடிக்கையாளர் போய்விடுவார். கேட்காவிட்டால் லாபம் போய்விடும்.

பயணிக்கு இது எவ்வளவு என்று போட்டுப் பார்க்கலாம். மதுரையிலிருந்து கொடைக்கானல் சுமார் 120 கிலோமீட்டர். போய்வரவும் உள்ளூர் சுற்றவும் ஒரு வேனுக்கு 35 லிட்டர் என்று கொண்டால், லிட்டருக்குப் பத்து ரூபாய் ஏறினால் கூடுவது 350 ரூபாய். பன்னிரண்டு பேர் பகிர்ந்தால் தலைக்கு முப்பது ரூபாய்க்கும் குறைவு. சென்னையிலிருந்து வந்தாலும் தலைக்கு நூறு ரூபாயைத் தாண்டாது. ஏரியில் ஒரு முறை படகு விடுவதற்கும் மக்காச்சோளத்துக்கும் ஆகும் செலவோடு வைத்துப் பார்த்தால் பயணத்தை நிறுத்தும் அளவுக்கு இது பெரிதல்ல. ஆனால் சீசனில் முப்பது நடை ஓடும் வண்டிக்காரருக்கு இதே 350 ரூபாய் பத்தாயிரத்துக்கு மேல் போகும். விலையேற்றத்தின் அடி முதலில் விழுவது அவர்மேல்தான். சுற்றுலாப் பயணியைப் பற்றிய பேச்சில் இது அடிக்கடி மறைந்துபோகிறது.

பயணி தன் பங்கை வேறு வழியில் கட்டுகிறார். மலைக்கு மேலே விற்கும் எல்லாவற்றிலும் லாரி வாடகை கலந்திருக்கிறது. விடுதிச் சாப்பாட்டு விலையில் டீசல் விலை ஒளிந்திருக்கிறது. எதிர்த்திசையில், பூம்பாறைப் பூண்டும் மலைக்காய்கறிகளும் சமவெளிச் சந்தைக்கு இறங்கும் செலவை விவசாயி ஏற்கிறார்.

திட்டம் மாறும் விதம்

விலை ஏறினால் முதலில் கழிவது பக்கத்து ஊர். கொடைக்கானலையும் மூணாரையும் ஒரே நடையில் பார்ப்பது பலருடைய விருப்பம். 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு அச்சத்தில் சீரமைக்கப்பட்ட கொடைக்கானல்–மூணார் மலைச்சாலை சுமார் 80 கிலோமீட்டர். அது 1990-இல் மூடப்பட்டுவிட்டதால், இன்று வத்தலக்குண்டுக்கு இறங்கி, தேனி, போடி வழியாக மறுபடி ஏற வேண்டும்: தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஏற்றமும் இரண்டு முறை. டீசல் கணக்குப் பார்ப்பவர் இந்தச் சுற்றைத்தான் வெட்டுவார். கொடைக்கானலை வெட்டமாட்டார்.

அடுத்தது நாள் கணக்கு. ஏறுவதற்கான செலவு ஒரு நாள் தங்கினாலும் நான்கு நாள் தங்கினாலும் ஒன்றே என்பதால், தங்கும் நாளைக் கூட்டினால் நாளொன்றுக்கு ஆகும் எரிபொருள் குறையும். ஆனால் சீசனில் அறை வாடகை அந்த மிச்சத்தை விழுங்கிவிடும். வண்டியிலேயே படுத்து எழுபவருக்குத்தான் இந்தக் கணக்கு முழுதாகப் பலிக்கும். சாதாரணக் குடும்பங்கள் எதிர்ப்பக்கம் போகின்றன: இரவோடு இரவாகப் புறப்பட்டு, விடியலில் ஏறி, மாலையில் இறங்கி, அறைச் செலவையே தவிர்ப்பது. வத்தலக்குண்டிலேயே டேங்கை நிரப்பிக்கொள்வது பழைய வழக்கம். மலை நகரில் ஏற்றுக்கூலியால் விலை சற்றுக் கூடுதல், பெட்ரோல் பங்குகளும் குறைவு. இரண்டு காருக்குப் பதில் ஒரு வேன் எடுப்பதும், காரைக் கீழே விட்டுவிட்டு அரசுப் பேருந்தில் ஏறுவதும் உண்டு.

இழுவை வீடுகள்: வெளியேயும் இங்கேயும்

அமெரிக்காவில் எரிபொருள் விலை ஏறியதை ஒட்டிப் பயண வீட்டுத் தொழில் சரிந்ததை எண்கள் காட்டுகின்றன. 2006-இல் அங்கே ஆலைகளிலிருந்து வெளிவந்த பயண வீடுகள், இழுப்பவையும் தானே ஓடுபவையும் சேர்த்து, சுமார் 3,90,000. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. அதைத் தொடர்ந்து நிதி நெருக்கடி வந்தது. 2009-இல் எண்ணிக்கை சுமார் 1,66,000-ஆகச் சரிந்தது. ஃப்ளீட்வுட், மொனாக்கோ ஆகிய பெரிய நிறுவனங்கள் அவ்வாண்டு மார்ச்சில் திவால் மனு கொடுத்தன. இந்தச் சரிவுக்கு எண்ணெயைவிடக் கடன் கிடைக்காததே பெரிய காரணம் என்று கொள்ள இடமுண்டு. ஏற்கெனவே வண்டி வைத்திருந்தவர்கள் அதை விற்றுவிட்டு ஓடவில்லை. வீட்டுக்கு அருகிலுள்ள முகாம்களைத் தேர்ந்தெடுத்து, ஓரிடத்திலேயே கூடுதல் நாள் தங்கினார்கள்.

கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, மறு ஆண்டு வாகமண்ணில் கேரவன் பூங்கா ஒன்றைத் திறந்தது. கொடைக்கானலில் நிலைமை வேறு. 12 மீட்டருக்கு மேல் நீளமான வாகனங்கள் மலைச்சாலையில் ஏற 2024 நவம்பர் முதல் மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. காரும் அதன் பின்னால் ஆறு மீட்டர் வண்டியும் சேர்ந்தால் அந்த எல்லையை நெருங்கிவிடும். வளைவில் எதிரே பேருந்து வந்தால் பின்னால் எடுப்பது தனி வித்தை. ஆகவே இங்கே பயண வீடு என்றால் ஒரே சட்டத்தில் கட்டிய வேனே பொருந்தும். சமவெளியில் கேரவன் இரவெல்லாம் ஏசிக்காக ஜெனரேட்டர் ஓட்டும். கொடைக்கானல் குளிரில் அந்தச் செலவு இல்லை.

விலையும் நெரிசலும்

விலை ஏறினால் வண்டி குறையும் என்ற எதிர்பார்ப்பைக் கொடைக்கானல் பொய்யாக்கியிருக்கிறது. பெட்ரோல் நூறு ரூபாய்க்கு மேல் நின்ற காலத்தில்தான் நெரிசல் உயர் நீதிமன்றம் வரை போனது. கொடைக்கானல் குணா குகையை மையமாகக் கொண்ட 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படம் 2024-இல் வந்த பிறகு அந்தக் குகைக்குக் கூட்டம் பெருகியது. பன்னிரண்டு மைல் சுற்றுச்சாலையில் இன்ஜினை அணைக்காமல் ஊர்ந்து எரித்த எண்ணெய் எந்த வாடகைக் கணக்கிலும் வராதது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் அவ்வாண்டு மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலிலிருந்து கோடைக்காலத்துக்கு வார நாட்களில் 4,000 வாகனம், வார இறுதியில் 6,000 வாகனம் என்று வரம்பும் வந்தது. வேன் வைத்திருப்பவர் சீசனில் டீசல் விலையைக் கேட்கும் முன் இ-பாஸ் கிடைக்குமா என்று பார்க்கும் நிலை இதனால் உண்டானது. அரசுப் பேருந்துகளுக்கும் உள்ளூர் வாகனங்களுக்கும் விளைபொருள் ஏற்றிவரும் வண்டிகளுக்கும் இந்த எண்ணிக்கை வரம்பு பொருந்தவில்லை.